ஏழாங்கல் புற்று

தெம்பனிஸ் ரோடு, ஏழாங்கல்,
சிங்கப்பூர்.
3-2-1958

அன்பு மகள் அறிவுக்கொடிக்கு அப்பா எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன். மான்செஸ்டர் குளிரில் உன் கைவிரல்கள் வெடித்துவிட்டதாக எழுதியிருந்தாயே, ஆறிவிட்டதா? அங்கே தேங்காயெண்ணெய் கிடைக்காது. தாதி வேலைக்குப் படிக்கப் போன பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் வாஸலினாவது தரமாட்டார்களா?

கிளாங் ரோட்டு முனிசிபல் லயத்தைக் காலி செய்துவிட்டேன். வேலை முடிந்தால் வீடும் முடிந்தது என்பது முப்பது வருடமாகத் தெரிந்த கதைதான். ஆனாலும் என் இடத்துக்கு மேஸ்திரியாக வந்த புது மண்டோர் பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றபோது என்னவோ போல் இருந்தது. உன் அம்மா சமைத்த அடுப்பை அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பக் கரி" என்றாள்.

இந்த வீடு ஏழாம் மைல்கல்லுக்குப் பக்கம். அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர். பின்னால் கிணறு, குட்டை, இரண்டு ரம்புத்தான் மரம். வேலியோரம் இடுப்பளவு கரையான் புற்று. சிரிக்காதே, எனக்கு இந்தக் கொல்லைப்புறப் பைத்தியம் பிடித்துவிட்டது. விடிந்ததும் கோப்பியை எடுத்துக்கொண்டு கவிழ்த்த டின்னில் உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருப்பதில்லை. துணிக்கம்பியில் ஒரு மீன்கொத்தி வந்து உட்காரும். நீல உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டி. நம் பழைய இன்ஸ்பெக்டர் துரை மாதிரி, வேலை செய்கிறதோ இல்லையோ, கத்திக்கொண்டே இருக்கும். குட்டையில் ஒரு பியாவாக் இருக்கிறது. உடும்புக்குப் பெரியப்பன். ஆள் நீளம். இருட்டுகிற நேரத்தில் ரம்புத்தான் பழம் தின்ன மூசாங் என்கிற மரநாய் வரும். புற்றில் ஒரு கருநாகம் குடியிருக்கிறது. அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போகும்.

மழை பெய்தால் தவளைச் சத்தம் காதைக் கிழிக்கிறது. முப்பது வருடம் ஆள் வைத்துச் சாக்கடைக்கு எண்ணெய் அடித்தவன் நான். கொசுவோடு தவளைக்குஞ்சும் கறுத்து மிதக்கும். என் குட்டைக்கு எண்ணெய் டின்னோடு ஒருவனும் வரமாட்டான்.

பக்கத்தில் மணல் குவாரி லயம். அங்கே லாரிக்கு மணல் ஏற்றும் மாணிக்கம் குடும்பம் பழக்கமாகியிருக்கிறது. அவன் மனைவி பாக்கியலட்சுமி தண்ணீர் எடுக்க என் கிணற்றுக்கு வருவாள். மைனாவைக் காட்டி, "எங்க மாமியார் மாதிரியே நடக்குது பாருங்க" என்று சொல்லிச் சிரிப்பாள்.

குறை ஒன்றுதான். இங்கே யாருக்கும் நான் மண்டோர் இல்லை. "பெரியவரே, வாளியக் கொடுங்க" என்கிறார்கள்.

உன் அப்பா,
ச. மருதப்பன்

*

தாதியர் விடுதி,
மான்செஸ்டர்.
20-2-1958

அன்புள்ள அப்பா,

கை ஆறிவிட்டது. அதைப் பற்றிக் கவலைப்பட நீங்கள் வேண்டாம், இங்கேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். நேற்று ஒரு கிழவிக்குக் கட்டு மாற்றப் போனேன். என் கை நிறத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரப் பெண் யாரும் இல்லையா?" என்று கேட்டாள். சாயங்காலம்வரை சீழோடு கிடக்கட்டும் என்று விட்டுவிட ஆசையாக இருந்தது. மாற்றிவிட்டுத்தான் வந்தேன்.

உங்கள் மிருகக்காட்சிசாலைக் கடிதத்தை விடுதியில் எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். மலாயாப் பெண்கள் ஊர் நினைப்பில் அழுதுவிட்டார்கள். இங்கேயும் ஓய்வு பெற்ற கிழவர்கள் பூங்காவில் புறாவுக்கு ரொட்டி போடுகிறார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுகிற ஒருவர் இருக்கிறார். புறா போவதில்லை. பறவைக்கு இரங்குகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்தக் கருநாகத்திடம் ஜாக்கிரதை. தமிழ்நாட்டு நல்லபாம்பு என்று நினைத்துவிடாதீர்கள். சிங்கப்பூர் நாகம் கடிக்கவே வேண்டாம், தூரத்திலிருந்து கண்ணைப் பார்த்து விஷத்தைத் துப்பும். நான் அங்கே ஜி.எச். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மலாய்க்காரரைக் கொண்டுவந்தார்கள். வழியெல்லாம் மகன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்ததால் பார்வை தப்பியது. பட்டால் உடனே தண்ணீர், நிறையத் தண்ணீர். பிறகு ஆஸ்பத்திரி. வேறு எந்த வைத்தியமும் கூடாது.

அம்மா இருந்திருந்தால் அதற்குப் பால் வைத்திருப்பாள். நீங்கள் கிண்ணத்தை உதைத்திருப்பீர்கள்.

அன்புடன்,
கொடி

*

ஏழாங்கல்,
15-6-1958

அன்பு மகளுக்கு,

நீ எழுதியதை மனத்தில் வைத்திருக்கிறேன். நான் புற்றுக்குப் பக்கத்தில் போவதில்லை. டின்னில் உட்கார்ந்தே பார்ப்பேன். காலையில் வெயில் விழுந்ததும் தலையை மட்டும் வெளியே நீட்டும். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு, எண்ணெய் பூசியது போல. மைனாக்கள் சுற்றி நின்று திட்டும். அது காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

ஒரு வேடிக்கை நடந்தது. பாக்கியத்துக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. போன வாரம் மாணிக்கத்தின் தாயார் ஒரு கிண்ணம் பாலும் முட்டையும் கொண்டுவந்து புற்றடியில் வைத்தாள்.

"பாம்பு பால் குடிக்காதும்மா" என்றேன்.

"உங்களுக்குக் கொசுவப் பத்தித்தான் தெரியும் மண்டோரையா. பேசாம உக்காருங்க" என்றாள்.

மண்டோரையா! அவளுக்கு யார் சொன்னார்களோ. நான்தான் எப்போதாவது சொல்லியிருப்பேன்.

பாலைக் குடித்தது பூனை. முட்டையை விழுங்கியது பியாவாக். இரண்டையும் நான் டின்னில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தேன். மறுநாள் சொல்லலாம் என்றால், அவள் லயத்துப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காலிக் கிண்ணத்தைக் காட்டினாள். "நீங்கதானே இங்கயே இருக்கீங்க. பாத்தீங்களா இல்லியா, சொல்லுங்க!" எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். "பாத்தேன்" என்றேன். பொய் இல்லை, பார்த்தேன்தானே.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பெண்கள் வருகிறார்கள். கொழுக்கட்டை கொடுக்கிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள், வீடு கொஞ்சம் கலகலப்பாக இருக்கிறது. வாய்ப்பு வரும்போது எடுத்துச் சொல்லி நிறுத்திவிடுவேன். நீ கவலைப்படாதே.

உன் அப்பா,
மருதப்பன்

*

மான்செஸ்டர்,
2-7-1958

அப்பா,

உங்கள் கடிதம் வேடிக்கையாக இல்லை.

அம்மா ஜி.எச். மூன்றாம் வகுப்பு வார்டில் கிடந்தபோது எனக்குப் பதினாறு வயது. வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து தலைமாட்டில் வை என்று என் கையைப் பிடித்துக் கேட்டாள். வாங்கி வந்தேன். நீங்கள் அதை ஜன்னல் வழியே எறிந்தீர்கள். "தீமிதி கூடாதுன்னு மேடை போட்டுப் பேசினவன் பொண்டாட்டி இப்படிச் சாகக் கூடாது" என்றீர்கள். மறுநாள் விடியுமுன் அவள் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் உங்களைத் தூற்றினார்கள். அப்பா செய்ததுதான் சரி என்று நான் அவர்களோடு சண்டை போட்டேன். ஏழு வருடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொள்வதும் அதுதான்.

உங்களைக் கட்டிய தங்கம் என்ற பெண்ணுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கிடையாது. உங்களை மண்டோரையா என்று கூப்பிட்டால் பாலும் முட்டையும் உண்டு. அப்படித்தானே?

அடுத்த வெள்ளிக்கிழமையே நிறுத்துங்கள். அந்தப் பெண்களுக்கு வேண்டியது டாக்டர். மாணிக்கத்துக்கும் சேர்த்து.

கொடி

*

உ

ஏழாங்கல்,
30-11-1958

அன்பு மகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் கடிதத்தை எத்தனையோ தடவை படித்தேன். நீ சொன்னதில் தப்பு இல்லை.

மேலே உள்ள சுழியைப் பார்த்துக் கோபப்படாதே. எழுத உட்கார்ந்தபோது மாணிக்கத்தின் தாயார் பக்கத்தில் நின்றாள். "சுழி போடாமயா எழுதுறீங்க?" என்று கேட்டாள். போட்டேன். ஒரு சொட்டு மை, அவ்வளவுதான்.

கூட்டம் என் கையை மீறிப் போய்விட்டது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். பூக்காரர் ஒருவர் வாசலில் கடை போட்டுவிட்டார். குவாரிப் பையன்கள் புற்றுக்குத் தகரக் கூரை போட்டார்கள். விபூதி கொடுத்தால்தான் நகருவோம் என்று நிற்கிறார்கள், அதனால் கொடுக்கிறேன். சாம்பல்தானே, அடுப்பிலும் அதுதான் இருக்கிறது. மண்டோரையா போய் இப்போது சாமி என்கிறார்கள்.

நீ ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் கவணோடு வந்து மீன்கொத்தியை அடிப்பார்கள், மூசாங்குக்குப் பொறி வைப்பார்கள், பியாவாக்கைக் கறிக்குப் பிடித்துப் போவார்கள். இப்போது ஒருவரும் என் வேலிக்குள் கல்லெடுப்பதில்லை. எல்லாம் நாகம்மாவின் பிள்ளைகளாம். நான் நூறு மேடையில் பேசி நடக்காதது புற்றில் கட்டிய ஒரு மஞ்சள் துணியில் நடந்திருக்கிறது. அந்த ஜீவன்களுக்காகவாவது இருந்துவிட்டுப் போகட்டுமே.

பாக்கியம் விடாமல் வருகிறாள். இப்போது மைனாவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மாமியார் பக்கத்திலேயே நிற்கிறாள்.

அப்பா

*

ஏழாங்கல்,
22-2-1959

அன்பு மகளுக்கு,

என் கடிதத்துக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை. கோபம் என்று புரிகிறது. பரீட்சை எப்படி இருந்தது?

மீன்கொத்தி பழைய ரம்புத்தான் மரத்துப் பொந்தில் குஞ்சு பொரித்திருக்கிறது. தாயும் தகப்பனும் மாறி மாறி ஓணான் கொண்டுவருகின்றன. மழை குறைவு. குட்டை வற்றிக்கொண்டு வருகிறது. பியாவாக்கைக் காணவில்லை.

பாக்கியத்துக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். சரியாகிவிடும் என்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

அப்பா

*

மான்செஸ்டர்,
9-3-1959

அப்பா,

ஜி.எச். கண் வார்டில் என்னோடு படித்த சிவமணி வேலை பார்க்கிறாள். காத்தோங் சிவமணி, நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறாள். அவளிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் கடிதமும் அதுவும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

பாக்கியலட்சுமி, வயது இருபத்தைந்து. இரண்டு கண்ணிலும் பாம்பு விஷம். வார்டுக்கு வந்தபோது இமை முழுக்கச் சாம்பலும் மஞ்சளும் அப்பியிருந்ததாம். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லையாம். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. "யார் இதைப் பூசினது?" என்று கேட்டதற்கு, "ஏழாங்கல் சாமி" என்றாளாம். விசாரித்துப் பார்த்து உங்கள் பெயர் தெரிந்ததும் சிவமணி எனக்கு எழுதியிருக்கிறாள். இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதினேன் என்கிறாள்.

சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள். சொன்னேன், பெயரையும் சொல்லிவிட்டேன். பினாங்குப் பெண் ஒருத்தி, "மருதப்பனா? உன் அப்பா பேர்தானே அது?" என்றாள். "அந்தப் பேரில் நூறு பேர் இருப்பார்கள், இது யாரோ" என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்.

தண்ணீர் ஊற்றச் சொல்லி நான் உங்களுக்கு எழுதியிருந்தேன். கிணறு உங்கள் கொல்லையிலேயே இருக்கிறது.

என்ன நடந்தது? மீன்கொத்தி இல்லாமல் எழுதுங்கள்.

கொடி

*

ஏழாங்கல்,
20-3-1959

மகளுக்கு,

தைப் பூசத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. கூட்டம் அதிகம். சாம்பிராணிப் புகையைப் புற்று வாய்க்குள் விசிறினார்கள். புகை போட்டால் பாம்பு பதறும் என்று எனக்குத் தெரியும். விசிறாதே என்று சொல்லவில்லை. மாமியார் பாக்கியத்தின் முதுகைத் தள்ளி, "கிட்டப் போயி வையேண்டி, மனசு இல்லாம வச்சா எப்படிப் பிள்ளை பொறக்கும்" என்றாள். அவள் குனிந்தாள். பாம்பு எழுந்து துப்பியது. கிண்ணம் உருண்டது. "எரியுது, எரியுது" என்று மண்ணில் புரண்டாள்.

நான் கிணற்றடியில் நின்றிருந்தேன். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. பாக்கியமே காலையில் இறைத்து வைத்தது. வாளியின் காதைப் பிடித்தேன். அதற்குள் நாற்பது ஐம்பது பேரும் என் பக்கம் திரும்பி, "சாமி, கை வைங்க சாமி!" என்று கத்தினார்கள். தண்ணீரைக் கொண்டுபோனால் நான் வெறும் மருதப்பன் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஒரு நிமிஷம் அதைத்தான் நினைத்தேன். வாளியை விட்டேன். தட்டிலிருந்த சாம்பலையும் மஞ்சளையும் எடுத்து அவள் கண்ணில் வைத்து அழுத்தினேன். அவள் கையை உதறினாள். நாலு பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பூசை முடியும்வரை அப்படியே உட்கார வைத்தோம். குவாரியிலிருந்து மாணிக்கம் ஓடிவந்து லாரியில் போட்டுக்கொண்டு போனான்.

இன்னும் இருக்கிறது. தீட்டோடு வந்ததால்தான் நாகம்மா தண்டித்துவிட்டாள் என்று மாமியார் லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மாணிக்கம் அவளை பஃபலோ ரோட்டில் இருக்கும் அண்ணன் வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான். "சாமி, நீங்களே சொல்லுங்க, தீட்டுத்தானே?" என்று என்னைக் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது அவர்களுக்கு.

காலையில் டின்னில் உட்காருகிறேன். எல்லாம் வருகின்றன, போகின்றன. தலை தூக்கிப் பார்க்க வெட்கமாக இருக்கிறது.

மருதப்பன்

*

மான்செஸ்டர்,
29-3-1959

அப்பா,

வெட்கம் உங்களுக்கு. கண் போனது அவளுக்கு. பழியும் அவள் மேல்தான். உங்களுக்கு வெட்கப்படவாவது நேரம் இருக்கிறது.

அவளுக்குத் தீட்டு இல்லை, குற்றம் உங்களுடையது என்று சொல்ல முடிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சொல்லும்வரை எனக்கு எழுத வேண்டாம்.

கொடி

*

ஏழாங்கல்,
20-4-1959

மகளுக்கு,

வெள்ளிக்கிழமை புற்றடியில் நின்று சொன்னேன். "நான் சாமி இல்ல. இது வெறும் பாம்பு. அந்தப் பொண்ணு கண்ணு போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன். மாணிக்கத்தின் தாயார், "பாத்தீங்களா, ஊர்ப் பாவத்தையெல்லாம் தன் தலையில ஏத்துக்குது சாமி" என்று காலில் விழுந்தாள். வரிசையாக எல்லாரும் விழுந்தார்கள். விலகி ஓடினேன். பின்னாலேயே வந்து விழுந்தார்கள். உனக்குச் சிரிப்பு வரலாம்.

மறுநாள் பஃபலோ ரோட்டுக்குப் போனேன். பாக்கியத்தின் அண்ணன் கடையின் பின்கட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கட்டு. அண்ணன், "யாரு வந்திருக்காங்க தெரியுதா?" என்றான். நான் இருமியதை வைத்தே கண்டுகொண்டாள்.

"தண்ணி ஊத்தணும்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவள் அழவில்லை. வைவாள் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "புத்தடியில சொன்னதுக்கு உங்க கால்ல விழுந்தாங்களாமே, அண்ணன் சொன்னாரு" என்றாள். "குவாரி லயத்துல போய்ச் சொல்லுங்க. லாரிக்காரங்க எல்லாம் இருக்கிற நேரமாப் பாத்து. விபூதியத் தொடச்சிட்டுப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை பகலில் போனேன். ஆண்கள் எல்லாரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். முனிசிபல் காக்கிச் சட்டை போட்டிருந்தேன். அழகாகப் பேசத் தெரியாதவன் இல்லை நான், உனக்குத் தெரியும். அன்றைக்குப் பேச்சு வரவில்லை. என் மகள் எழுதியதை, வாளியை, ஏன் அதை விட்டேன் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். "பாக்கியத்துக்குத் தீட்டு இல்ல. என்னைச் சாமின்னு கூப்பிடுறது நின்னுடுமேன்னு அவ கண்ணுல சாம்பல வச்சேன்" என்றேன். இதைக் கேட்டு யாரும் காலில் விழவில்லை.

மாணிக்கம் அடித்தான். முன்பல் ஒன்று போயிற்று. யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்தான் தப்பு. அவன் தாயார் மட்டும், "கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலமே மாணிக்கம் பஃபலோ ரோட்டுக்குப் போய் மனைவியைக் கூப்பிட்டானாம். "தீட்டுன்னு சொன்னப்ப நம்பினீங்கல்ல. அந்த வீட்டுக்கு நான் வரல" என்று அனுப்பிவிட்டாளாம்.

புற்றுக்கு வேறொரு பூசாரி வந்துவிட்டார். வேலியை உடைத்துத் தனி வழி போட்டிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை கூட்டம் குறையவே இல்லை. பாம்பு எப்போதோ போய்விட்டது. அதைப் பார்த்தவர் யாரும் இல்லை, கேட்பவரும் இல்லை.

மருதப்பன்

*

மான்செஸ்டர்,
1-5-1959

அப்பா,

பல்லை டாக்டரிடம் காட்டினீர்களா? அந்த இடம் சீழ் பிடித்தால் தாடை வீங்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள்.

ஜூலையில் கப்பல் ஏறுகிறேன். ஏழாங்கல்லுக்கு வரமாட்டேன், ஜி.எச். விடுதியில் இடம் கேட்டிருக்கிறேன். உங்களைப் பார்க்க வருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். மணல் லயத்தில் நின்ற மனிதரையும் கிணற்றடியில் நின்ற மனிதரையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. விடுதி மேசையில் உண்மையை நானும் இதுவரை சொல்லவில்லை. தினமும் சொல்ல வாயெடுக்கிறேன். யாராவது உப்பைத் தள்ளு என்கிறார்கள். தள்ளுகிறேன். உங்கள் மகள்தான் நான்.

வலது கண்ணை விடாமல் பார்த்துவந்தால் கொஞ்சம் தேறலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சிவமணி எழுதுகிறாள். வாரம் ஒருமுறை மருந்து போட வர வேண்டும். அண்ணனுக்குக் கடை இருக்கிறது, கூட்டிவர ஆள் இல்லாமல் இரண்டு வாரம் தவறிவிட்டாளாம். அவள் சம்மதித்தால் நீங்கள் கூட்டிப் போங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அதைப் பற்றி எனக்குப் புலம்பல் வேண்டாம்.

கொடி

*

ரங்கூன் ரோடு,
23-6-1959

மகளுக்கு,

விலாசம் மாறிவிட்டது. ஏழாங்கல் வீட்டை விட்டுவிட்டேன். இங்கே மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர். எனக்கு இது போதும். காலையில் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் இல்லாதது நல்லதாகவே இருக்கிறது.

முதல் தடவை போனபோது பாக்கியம் என்னோடு வரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. மறுவாரம் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள்.

கையைப் பிடிக்க விடுவதில்லை. கடை கடையாகச் சுவரைத் தடவிக்கொண்டு வருவாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவதில்லை. படி இருக்கும் இடத்தில் "படி" என்று சொல்வேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வழியில் பறவையைக் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ. கண் வார்டில் நல்ல கூட்டம். பெஞ்சில் ஒரு ஓரத்தில் அவள், மறு ஓரத்தில் நான். சிவமணி வந்து அவள் தோளைத் தொட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் போனாள். ரொம்ப நேரம் கழித்து பாக்கியம் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"எனக்கு முன்னால எத்தனை பேரு இருக்காங்க?"

எண்ணினேன். "பதினோரு பேர்" என்றேன்.

"சரியாப் பாத்தீங்களா?"

எழுந்து வரிசையின் தொடக்கத்துக்குப் போனேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்து மறுபடியும் எண்ணிக்கொண்டு திரும்பி வந்தேன். முதலில் சொன்னது தப்பு, பன்னிரண்டு பேர் என்று சொன்னேன்.

மருதப்பன்